உன் பெயர் உனக்குக் கிடையாது!

இன்டர்நெட் விலாசம் கேட்டு அலைந்தவர்களின் கதை

ஒரு கடை வைக்கிறோம். கடைக்கு ஒரு பெயர் வைக்கிறோம். பெயர்ப் பலகை எழுதி வாசலில் மாட்டுகிறோம்.

"இந்தப் பெயரை வைத்துக்கொள்ள உனக்கு என்ன உரிமை? பத்திரம் எங்கே? முத்திரை எங்கே? உன் கடைக்கு எத்தனை ஊரில் கிளை இருக்கிறது?" என்று ஒருவர் வந்து கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

தெருவில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் இன்டர்நெட்டில் கேட்டார்கள். பல நாடுகளில், பல வருடங்கள் கேட்டார்கள். சில நாடுகளில் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

அது என்ன சங்கதி?

எண்ணும் பெயரும்

இன்டர்நெட்டில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. டெலிபோன் நம்பர் மாதிரி. அது நீளமான எண். மனிதர் மனதில் நிற்காது.

ஆகவே எண்ணுக்குப் பதில் பெயர் வைக்கும் முறை ஒன்றை 1983-ல் கண்டுபிடித்தார்கள். பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் அதை உருவாக்கினார். நாம் பெயரைத் தட்டினால் போதும். அந்தப் பெயருக்கு உரிய எண்ணைக் கம்ப்யூட்டரே தேடிக்கொள்ளும்.

இந்தப் பெயருக்குத்தான் "டொமைன்" என்று பெயர். தமிழில் இணைய விலாசம் எனலாம்.

விலாசத்தின் கடைசியில் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பிறகு சில எழுத்துக்கள். "டாட் காம்" என்று சொல்கிறோமே, அது ஒன்று. அது எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லை. பணம் கட்டினால் யாரும் வாங்கலாம்.

இன்னொரு வகை, நாட்டு விலாசம். அதற்கு இரண்டே எழுத்து. இந்தியாவுக்கு "ஐ.என்." அதை "டாட் இன்" என்று சேர்த்துச் சொல்கிறோம். இலங்கைக்கு "எல்.கே." கனடாவுக்கு "சி.ஏ." ஆஸ்திரேலியாவுக்கு "ஏ.யு." பிரான்சுக்கு "எப்.ஆர்."

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்த விலாசத்தை யாரும் விலைக்கு வாங்க முடியாது. வாடகைக்குத்தான் எடுக்க முடியும். வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் பெயர் போய்விடும். வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

தாடிக்காரர்

எந்த நாட்டுக்கு எந்த இரண்டு எழுத்து என்று தீர்மானித்தது யார்?

ஜான் போஸ்டல் என்று ஓர் அமெரிக்கர் இருந்தார். நீண்ட தாடி. காலில் செருப்பு. கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. உலகம் பூராவுக்கும் பெயர்ப் பட்டியலை வைத்திருந்தவர் அவர்தான்.

அவர் கெட்டிக்காரர். "எது நாடு, எது நாடு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்" என்று நழுவிக்கொண்டார். உலகத் தர நிர்ணய சபை முன்பே ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்துக் குறி இருந்தது. அதையே அவர் எடுத்துக்கொண்டார். வம்பு தீர்ந்தது!

1985-ல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இஸ்ரேலுக்கும் முதலில் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு 1989 மே மாதம் கிடைத்தது.

ஒவ்வொரு நாட்டிலும் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். பெரும்பாலும் அவர் ஒரு கல்லூரி ஆசிரியராகவோ கம்ப்யூட்டர் நிபுணராகவோ இருப்பார். சம்பளம் கிடையாது. மந்திரி உத்தரவும் கிடையாது. அப்போது யாருக்கும் இதில் பணம் இருப்பதாகத் தெரியாது.

1994-ல் போஸ்டல் ஒரு விளக்கம் எழுதி வைத்தார். இந்தப் பொறுப்பில் இருப்பவர் சொந்தக்காரர் அல்ல, தர்மகர்த்தா என்பது அதன் சாரம். பெயர் கேட்டு வருகிற எல்லாரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது.

ஆனால் எப்படிப்பட்ட விதி போட வேண்டும் என்பதை அந்தந்த நாட்டின் கையில் விட்டுவிட்டார்கள். அங்கேதான் கதை ஆரம்பம்.

ஏன் இந்தக் கெடுபிடி?

கெடுபிடி செய்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது.

"டாட் காம்" பெயர்களுக்கு அந்த நாளில் ஒரே ஒரு விதிதான்: முந்தியவனுக்கே பெயர்!

1994-ல் ஜோஷ்வா குயிட்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒரு வேடிக்கை செய்தார். "மெக்டொனால்ட்ஸ்" என்று ஒரு பெரிய ஓட்டல் கம்பெனி இருக்கிறது அல்லவா? அதன் பெயரில் டாட் காம் விலாசத்தைத் தாமே பதிவு செய்துகொண்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. "இந்தப் பெயரை நான் என்ன செய்யட்டும்?" என்று பத்திரிகையிலும் எழுதினார்!

கம்பெனி திடுக்கிட்டது. கடைசியில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டர் செலவுக்குக் கம்பெனி 3,500 டாலர் கொடுத்தது. அவரும் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் நல்லவர். பள்ளிக்கூடத்துக்குக் கேட்டார். எல்லாரும் அப்படி இருப்பார்களா? பிரபலமான பெயர்களை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டு, உரியவர்களிடம் பேரம் பேசும் கூட்டம் ஒன்று கிளம்பிவிட்டது.

"நம் நாட்டில் இது நடக்கக் கூடாது" என்று பல நாடுகள் நினைத்தன. பூட்டுப் போட்டன. சில நாடுகள் போட்ட பூட்டில் திருடனோடு வீட்டுக்காரனும் வெளியே நின்றான்!

இரண்டு மாகாணத்தில் ஆபீஸ் உண்டா?

கனடாவைப் பார்ப்போம்.

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் டெம்கோ என்பவர் வேலை பார்த்தார். 1987-ல் "சி.ஏ." பொறுப்பு அவரிடம் வந்தது. அவரும் சில தொண்டர்களும் தங்கள் வேலைக்கு நடுவே இதையும் பார்த்தார்கள். பெயர் கேட்டவர்களிடம் காசு வாங்கவில்லை. இது பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால் விதி இருக்கிறதே!

வெறும் "சி.ஏ." விலாசம் வேண்டுமா? உன் கம்பெனி மத்திய சர்க்கார் சட்டப்படி பதிவாகி இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மாகாணங்களிலாவது ஆபீஸ் இருக்க வேண்டும்.

ஒரே மாகாணத்தில்தான் இருக்கிறாயா? அப்படியானால் உன் பெயர், புள்ளி, மாகாணத்தின் பெயர், புள்ளி, சி.ஏ.

ஒரே ஊரில்தான் கடையா? அப்படியானால் உன் பெயர், புள்ளி, ஊர் பெயர், புள்ளி, மாகாணத்தின் பெயர், புள்ளி, சி.ஏ!

இவ்வளவு நீளமான விலாசத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? விசிட்டிங் கார்டில் அடித்தால் இடம் போதுமா? போதாக்குறைக்கு, ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பெயர்தான். பெயரைப் பார்த்தவுடனேயே "இவன் பெரிய கம்பெனி, இவன் சின்னக் கடை" என்று தெரிந்துவிடும்.

சின்னக் கடைக்காரர் என்ன செய்வார்? பேசாமல் "டாட் காம்" பக்கம் போவார். அங்கே யாரும் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை.

2000-ம் வருடம் டிசம்பர் 1-ந் தேதி இந்தப் பொறுப்பு ஒரு புதிய சங்கத்திடம் போயிற்று. "கனடாவோடு சம்பந்தம் இருந்தால் போதும். முதலில் வந்தவருக்குப் பெயர்" என்று விதி மாறியது. 2008-ல் "சி.ஏ." பெயர்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டது.

நகராட்சி விலாசத்தோடு எத்தனை வருடம் சின்னக் கடைக்காரர் அல்லாடினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பொதுச் சொல் கூடாது!

ஆஸ்திரேலியாவிலும் முதலில் ஓர் ஒற்றை ஆள்தான். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் எல்ஸ். 1986 முதல் "ஏ.யு." அவர் பொறுப்பு.

அங்கே வியாபாரிகளுக்கு "காம் டாட் ஏ.யு." என்று தனிப் பிரிவு. அதில் பெயர் வாங்க வேண்டுமானால் வியாபாரம் ஆஸ்திரேலியாவில் பதிவாகி இருக்க வேண்டும். கேட்கிற பெயர், பதிவான பெயரிலிருந்தே வர வேண்டும். எழுத்துக்களைச் சுருக்கலாம். ஆனால் வரிசை மாறக் கூடாது.

சரி, போகட்டும். அடுத்த விதியைக் கேளுங்கள். ஊர்ப் பெயர் கூடாது. பொதுச் சொல்லும் கூடாது!

ரொட்டிக் கடைக்காரர் "ரொட்டி" என்று கேட்டால் கிடைக்காது. அது எல்லா ரொட்டிக் கடைக்காரருக்கும் பொதுவான சொல்லாம். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயமாம்.

யோசித்தால் இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எது பொதுச் சொல், எது இல்லை என்று யார் தீர்மானிப்பது? அதற்கு ஓர் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு மனுவையும் படிக்க வேண்டும். மனுக்கள் குவிந்தன. ஒற்றை ஆளால் முடியவில்லை. 1996-ல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் "மெல்பர்ன் ஐ.டி." என்ற கம்பெனியிடம் அந்த வேலையை ஒப்படைத்தார் எல்ஸ். அதுவரை இலவசம், அதன் பிறகு கட்டணம்.

அந்தக் கம்பெனியின் பங்கு 1999 டிசம்பரில் மார்க்கெட்டுக்கு வந்தது. முதல் நாளிலேயே விலை 3 மடங்குக்கு மேல் ஏறியது! இலவசமாகக் கொடுத்த பெயரில் எவ்வளவு பணம் இருந்தது என்று அன்றுதான் பலருக்கும் புரிந்தது.

விதிகள் 2002-ல் தளர்ந்தன. பெயருக்கும் வியாபாரத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் இருந்தால் போதும் என்றார்கள். பிறகு ஊர்ப் பெயர்களுக்கும் வழி திறந்தது. வைத்திருக்கும் பெயரை இன்னொருவருக்கு விற்கலாம் என்று அனுமதித்தது 2008-ல். நடுவில் "காம்" என்ற சொல்லே இல்லாமல் நேராக "ஏ.யு." விலாசம் கொடுத்தது 2022 மார்ச் 24-ல்!

கனடாவுக்கு 13 வருடம். ஆஸ்திரேலியாவுக்கு 36 வருடம்.

பிரான்சு நாட்டிலும் இதே கதை. 2004 மே மாதம் வரை பெயருக்கு உரிமைப் பத்திரம் காட்ட வேண்டும். அதன் பிறகும் நேரடி "எப்.ஆர்." விலாசம் நிறுவனங்களுக்குத்தான். தனி மனிதருக்கு 2006 ஜூனில்தான் அது கிடைத்தது. நார்வேயிலோ 2001 வரை ஒரு நிறுவனத்துக்கு ஒரே பெயர். ஒன்றுக்கு மேல் கேட்கக் கூடாது.

ஜெர்மனி மட்டும் வேறு வழியில் போயிற்று. முந்தியவருக்குப் பெயர்; தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போ என்றது. 2006-ல் அந்த நாட்டின் "டி.இ." பெயர்கள் 1 கோடியை எட்டின! அந்த நாட்டின் ஜனத்தொகையே சுமார் 8 கோடிதான்.

12 வருடத்தில் 7 ஆயிரம்

நம் நாட்டுக் கதைக்கு வருவோம்.

1995 ஆகஸ்ட் 15-ந் தேதி இந்தியாவில் பொது ஜனங்களுக்கு இன்டர்நெட் வந்தது. அப்போது "டாட் இன்" பெயர்களை மும்பையில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் என்ற சர்க்கார் நிறுவனம் கவனித்து வந்தது.

விதிகள் கடுமையாக இருந்தன. நேராகப் பெயர், புள்ளி, "இன்" என்று எடுக்க முடியாது. அதற்குள் பல அறைகள் இருந்தன. கம்பெனி என்றால் "கோ டாட் இன்". சங்கம் என்றால் "ஆர்க் டாட் இன்". கல்லூரி என்றால் "ஏ.சி. டாட் இன்". நீ எந்த அறையைச் சேர்ந்தவன் என்று நிரூபித்தால்தான் கதவு திறக்கும்.

விளைவு?

1992 முதல் 2004 வரை பதிவான பெயர்கள் மொத்தம் சுமார் 7,000!

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு இரண்டு பெயர்கூட இல்லை. ஜனத்தொகையோ 100 கோடிக்கு மேல்.

பேச்சுக்கு ஒன்று சொல்கிறேன். 2003-ம் வருடம். ஒரு பெண்மணி வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கிறார். ஊரெல்லாம் அவர் ஊறுகாய்க்குப் பெயர். துபாயில் இருக்கும் உறவுக்காரர்கள்கூடக் கேட்டு வாங்குகிறார்கள். கம்ப்யூட்டர் படித்த மகன் சொல்கிறான்: "அம்மா, உங்கள் பெயரில் ஒரு விலாசம் எடுப்போம். வெளிநாட்டிலிருந்தும் ஆர்டர் வரும்."

அந்த அம்மாள் கம்பெனி இல்லை. சங்கம் இல்லை. கல்லூரியும் இல்லை. சமையல் கட்டு ஒன்றும், பத்துப் பதினைந்து ஜாடியும்தான் அவர் தொழிற்சாலை. அவர் எந்த அறையில் போய் நிற்பார்?

"டாட் காம்" வாங்கினால் கேள்வி இல்லை. ஒரு கிரெடிட் கார்டு இருந்தால் போதும். ஐந்து நிமிட வேலை. இந்தியன் இந்தியாவின் விலாசம் வாங்க முடியாமல், அமெரிக்காவில் உள்ள பதிவேட்டுக்கு வருடா வருடம் டாலர் போய்ச் சேரும்படி ஆயிற்று. இது யாருக்கு லாபம்? அந்த நாளில் கம்ப்யூட்டர்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார்கள்.

ஆனால் பெயர் திருட்டை அந்தப் பூட்டு நிறுத்தியதா? இல்லை! திருடன் "டாட் காம்" பக்கம் போய்விட்டான். "யாகூ" கம்பெனியின் பெயரோடு "இந்தியா" என்று சேர்த்து ஒருவர் "டாட் காம்" விலாசம் வைத்துக்கொண்டார். 1999-ல் டெல்லி ஐகோர்ட் அதற்குத் தடை போட்டது. 2004 மே மாதம் "சிஃபி" வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புக் கூறியது. இணைய விலாசத்துக்கும் வியாபாரப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்பது அந்தத் தீர்ப்பு.

ஆக, திருடனைப் பிடிக்கக் கோர்ட் இருந்தது. வாசலில் எல்லாரையும் நிறுத்திச் சோதனை போடத் தேவையில்லை.

2005 பிறந்தது. புதிய விதிகள் வந்தன. "நிக்ஸி" என்ற அமைப்பு பொறுப்பேற்றது. ஜனவரி மாதம் வியாபார முத்திரை வைத்திருப்பவர்களுக்கு முதல் வாய்ப்பு. பிப்ரவரி 16-ந் தேதி எல்லாருக்கும் கதவு திறந்தது.

நேராக "டாட் இன்" எடுக்கலாம். எத்தனை பெயர் வேண்டுமானாலும் எடுக்கலாம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். உன் பெயரை இன்னொருவன் கெட்ட எண்ணத்தோடு எடுத்துவிட்டானா? அதைத் தீர்க்க மத்தியஸ்தர் முறையும் கூடவே வந்தது.

2010 மார்ச்சில் 6 லட்சத்து 10 ஆயிரம் பெயர்கள். 2011 அக்டோபரில் 10 லட்சத்துக்கு மேல்!

12 வருடத்தில் 7 ஆயிரம் எங்கே? அடுத்த 7 வருடத்தில் 10 லட்சம் எங்கே? ஜனங்களுக்கு ஆசை இல்லாமலா இருந்தது?

ஒரே தெருவில் இரண்டு வீடு

கதவு திறந்த பிறகும் ஒரு நாள் அது மூடலாம். பிரிட்டன் ஜனங்களுக்கு அது நேர்ந்தது.

ஐரோப்பிய யூனியனுக்கு என்று "இ.யு." என்று தனி விலாசம் உண்டு. யூனியனில் இருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும். பிரிட்டன் யூனியனில் இருந்தவரை பிரிட்டன்காரர்கள் நிறைய வாங்கினார்கள். 2018-ல் 3 லட்சத்துக்கு மேல் அவர்கள் கையில் இருந்தன.

பிரிட்டன் யூனியனை விட்டு வெளியேறியது. 2021 ஜனவரி 1-ந் தேதி முதல் பிரிட்டனில் குடியிருப்பவர் "இ.யு." விலாசம் வைத்துக்கொள்ளத் தகுதி இழந்தார். விலாசங்கள் செயலிழந்தன. 2022 ஜனவரியில் தகுதி இல்லாதவை அடியோடு ரத்தாயின.

விலாசம் போனால் என்ன போகும் என்று சிலர் நினைக்கலாம். விலாசத்தோடு இ-மெயிலும் போகும். பாங்குக்கும் டாக்டருக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் அந்த இ-மெயிலைக் கொடுத்திருப்பார்கள். வாடிக்கைக்காரர் பத்து வருடமாக அதற்கு எழுதியிருப்பார். இனிமேல் எழுதினால் போய்ச் சேராது.

இதில் ஒரு விநோதம். யூனியன் நாட்டுப் பிரஜையாக இருந்தால் எங்கே குடியிருந்தாலும் விலாசம் நிலைக்கும்.

லண்டனில் ஒரே தெருவில் இரண்டு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் பிரெஞ்சுப் பெண்மணி. அடுத்த வீட்டில் ஆங்கிலேயர். இருவரிடமும் "இ.யு." விலாசம். பிரெஞ்சுப் பெண்மணிக்கு அது நிலைத்தது. ஆங்கிலேயருக்கு அது போயிற்று. அந்த ஆங்கிலேயர் யூனியனில் இருக்க வேண்டும் என்று ஓட்டுப் போட்டவராகக்கூட இருக்கலாம். விதி அதையெல்லாம் பார்க்காது.

யூனியனை விட்டு வெளியேற வேண்டும் என்று பிரசாரம் செய்த ஒரு கோஷ்டியே "இ.யு." விலாசம் வைத்திருந்தது! அயர்லாந்தில் ஒரு விலாசத்தைக் காட்டி அதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. பெயர் நிறுத்தி வைக்கப்பட்டது.

சீனாவில் நடந்தது இன்னும் திடீர். அங்கே "சி.என்." பெயர்கள் மிக மலிவாக விற்றன. 2009 கடைசியில் சுமார் 1 கோடியே 34 லட்சம் பெயர்கள் இருந்தன. ஆபாசத்தை ஒழிக்கிறோம் என்று அந்த வருடம் டிசம்பர் 14-ந் தேதி ஓர் உத்தரவு வந்தது. தனி ஆட்களுக்கு இனிப் பெயர் கிடையாது. கம்பெனி லைசென்சும் முத்திரை குத்திய காகித மனுவும் வேண்டும். மலிவு விலையும் போயிற்று. ஒரே வருடத்தில் பெயர்கள் சுமார் 43 லட்சமாகச் சுருங்கின. தனி ஆட்களுக்கு மறுபடி வழி விட்டது 2012-ல்தான்.

லிபியாவின் "எல்.ஒய்." விலாசத்தில் ஓர் அமெரிக்க எழுத்தாளர் இரண்டெழுத்துப் பெயர் வைத்திருந்தார். 2010-ல் அது பறிபோயிற்று. லிபியச் சட்டத்துக்கு ஒவ்வாத விஷயம் அதில் இருக்கிறது என்றார்கள். அதே சமயத்தில், நான்கு எழுத்துக்குக் குறைந்த பெயர் லிபியாவில் இருப்பவர்களுக்குத்தான் என்ற விதியும் வந்தது. கேட்பதற்கு அழகாக இருக்கிறது என்று அயல் நாட்டு விலாசத்தை எடுப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்திருப்பது நல்லது.

கதவே இல்லாத வீடு

"அப்படியானால் விதியே வேண்டாமா?" என்று கேட்பீர்கள்.

டோக்கலாவ் என்று ஒரு தீவுக் கூட்டம் பசிபிக் சமுத்திரத்தில் இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்தது. ஜனத்தொகை சுமார் 1,500. நம் ஊரில் ஒரு தெருவில் இருப்பவர்களே அதைவிட அதிகம்!

அந்தத் தீவின் "டி.கே." விலாசத்தை ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. காசு வேண்டாம். பத்திரம் வேண்டாம். கேட்டவுடன் பெயர்! ஒரு காலத்தில் 2 கோடிக்கு மேல் பெயர்கள் சேர்ந்தன. 1,500 பேர் உள்ள தீவுக்கு 2 கோடி விலாசம்!

யார் வந்தார்கள்? ஏழை மாணவர்களும் வந்தார்கள். மோசக்காரர்களும் வண்டி வண்டியாக வந்தார்கள். பாங்கு மாதிரி வேஷம் போட்டு ஜனங்களை ஏமாற்ற "டி.கே." பெயர்கள் ரொம்ப சௌகரியமாக இருந்தன. 2023 ஜனவரியில் புதிய பெயர் கொடுப்பது நின்றது. அந்த மார்ச்சில் பேஸ்புக்கின் தாய்க் கம்பெனி போட்ட வழக்கு வெளியே தெரிந்தது. 2024-ல் அந்த இலவசக் கம்பெனி இந்தத் தொழிலையே விட்டுவிட்டது.

திறந்த கதவால் அதிர்ஷ்டம் அடித்தவர்களும் உண்டு. துவாலு தீவுக்கு "டி.வி." என்ற எழுத்துக்கள் தற்செயலாக அமைந்தன. டெலிவிஷன்காரர்கள் விட்டுவைப்பார்களா? அதில் வந்த பணத்தைக் கொண்டு 2000-ல் அந்த நாடு ஐ.நா. சபையில் சேர்ந்தது. அங்குவில்லா தீவுக்கு "ஏ.ஐ." செயற்கை அறிவு என்பதற்கும் இங்கிலீஷில் அதே எழுத்துக்கள்! 2023-ல் அந்தத் தீவு சர்க்காரின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரண்டு எழுத்திலிருந்து வந்தது.

பாங்குக்கு மட்டும் தனி வாசல்

கெடுபிடி வேண்டிய இடமும் இருக்கிறது.

பாங்கிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லிப் பணத்தைச் சுருட்டும் பேர்வழிகள் பெருகிவிட்டார்கள். பாங்கின் விலாசத்தைப் போலவே ஒரு விலாசம். ஓர் எழுத்துத்தான் மாறியிருக்கும். வயதானவர்கள் கண்ணுக்கு அது தெரியுமா? ரகசிய எண்ணைத் தட்டுகிறார்கள். பென்ஷன் பணம் போய்விடுகிறது.

ஆகவே ரிசர்வ் பாங்கு 2025 பிப்ரவரியில் ஓர் அறிவிப்புச் செய்தது. இந்தியாவில் உள்ள பாங்குகளுக்கு "பாங்க் டாட் இன்" என்று தனி வாசல். பாங்குகளைத் தவிர வேறு யாருக்கும் அதில் பெயர் கிடையாது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லாப் பாங்குகளும் அதற்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தது.

இந்த விதி ஊறுகாய் விற்கும் அம்மாளை வெளியே நிறுத்தவில்லை. அவர் "டாட் இன்" எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாங்கு என்று வேஷம் போட வருகிறவனை நிறுத்துகிறது. இப்படிப்பட்ட பூட்டு எத்தனை போட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். பாங்கு விலாசத்தின் கடைசியில் "பாங்க்", புள்ளி, "இன்" என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழில் விலாசம்

இன்னொரு பழைய விதி இருந்தது. அதை யாரும் விதி என்றே நினைக்கவில்லை.

இணைய விலாசத்தில் இங்கிலீஷ் எழுத்து 26, எண் 10, நடுவில் ஒரு சிறு கோடு. மொத்தம் 37 குறிகள்தான். தமிழ் எழுத முடியாது. சீனம் எழுத முடியாது. அரபு எழுத முடியாது. உன் கடைப் பலகை தமிழில் இருக்கலாம். விலாசம் மட்டும் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும்.

நாட்டுப் பெயரையும் சொந்த எழுத்தில் எழுத 2009 கடைசியில் வழி பிறந்தது. தமிழில் முதலில் வந்தது எது தெரியுமா? ".இலங்கை". 2010-ல் சிங்கள விலாசத்தோடு சேர்ந்து வந்தது. அடுத்த வருடம் ".சிங்கப்பூர்", ".இந்தியா" இரண்டும் உலகப் பட்டியலில் ஏறின.

தமிழுக்கு மூன்று நாட்டு வாசல்கள்! இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் உள்ளே ஒரு தந்திரம் இருக்கிறது. நாம் தமிழில் தட்டுவதைக் கம்ப்யூட்டர் திரைமறைவில் இங்கிலீஷ் எழுத்துக்களாக மாற்றிக்கொள்கிறது. "எக்ஸ்", "என்" என்று ஆரம்பித்து இரண்டு சிறு கோடு போட்டு, வாயில் நுழையாத ஒரு கோவை. பழைய இயந்திரங்களுக்கு அதுதான் புரியும். நம் கண்ணுக்குத் தமிழ். இயந்திரத்தின் காதுக்கு இங்கிலீஷ்.

சட்டப்படி கதவு திறந்துவிட்டது. தமிழில் பெயர் எடுக்கலாம். அந்தப் பெயரில் இ-மெயிலும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த இ-மெயிலை ஒரு ரெயில் டிக்கெட்டுக்கோ, மின்சாரக் கட்டணத்துக்கோ, பிள்ளையின் பரீட்சை மனுவுக்கோ எழுதிப் பாருங்கள். மனுப் பாரத்தில் அதற்கென்று உள்ள கட்டத்தில் தமிழில் தட்டுங்கள். பல இடங்களில் கட்டம் சிவப்பாக மாறும். கீழே ஒரு வரி வரும்: "சரியான விலாசம் கொடுக்கவும்."